அமெரிக்கக் கவுண்டி ஒன்றில் பண்ணை மானியம் யாருக்குப் போகிறது, ஏன்?

அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டி ஒன்றில் அரசிடமிருந்து பண்ணை மானியம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்த ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். பட்டியலின் தலைப்பில் உள்ள சில பெயர்களுக்கு எதிரே லட்சக்கணக்கான டாலரும், கீழே உள்ள நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு எதிரே சில நூறு டாலர் மட்டுமே இருப்பது எதனால்? மேலே உள்ளவர்கள் உண்மையிலேயே உழவர்கள்தானா? ஆண்டுதோறும் இவ்வளவு பணம் வந்து சேரும் கவுண்டி ஏன் ஏழையாகவே இருக்கிறது?

அமெரிக்கப் பண்ணை மானியத்தின் பெரும்பகுதி நிலத்தைப் பின்தொடர்ந்து செல்கிறது. அதிலும், அந்த நிலத்தில் முன்னொரு காலத்தில் என்ன விளைந்தது என்று அரசின் கோப்பில் பதிவாகியிருக்கும் வரலாற்றைப் பின்தொடர்ந்து செல்கிறது. உழைப்பவரின் தேவையோ வறுமையோ அந்தக் கணக்கில் எங்கும் நுழைவதில்லை. மூன்று கேள்விகளுக்கும் விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது. பொதுவாகப் பேசிக்கொண்டு போனால் இது பிடிபடாது என்பதால், அர்க்கன்சாஸ் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் பிலிப்ஸ் கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன். கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு; ஆனால் மக்கள்தொகையில் பெரும்பாலும் மிகச் சிறியது.

பிலிப்ஸ் கவுண்டியின் தலைநகரம் ஹெலினா. ஆற்று வண்டல் படிந்த சமவெளி. முன்பு பருத்தி, இன்று சோயா, நெல், மக்காச்சோளம், பருத்தி. மண்ணைப் பொறுத்தவரை அமெரிக்காவின் வளமான பகுதிகளில் ஒன்று. 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 46 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அந்தக் கவுண்டியில் 2020இல் 16,500 பேர் அளவிலேயே இருந்தார்கள். மக்களில் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள்; ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. நிலத்தின் பெரும்பகுதி சில ஆயிரம் ஏக்கர் அளவிலான பெரும் பண்ணைகளாக உழப்படுகிறது.

முதலில் தொகை எப்படி முடிவாகிறது என்பதைப் பார்ப்போம். பட்டியலில் ஒருவரின் பெயருக்கு எதிரே இருக்கும் ஒற்றைத் தொகை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல திட்டங்களின் கூட்டுத்தொகை. நெல்லும் பருத்தியும் விளையும் இந்தப் பகுதியில் அவற்றுள் முதன்மையானது விலை இழப்பு ஈட்டுத் திட்டம். 2014ஆம் ஆண்டு பண்ணைச் சட்டத்தால் வந்த இத்திட்டத்தில், ஒவ்வொரு பயிருக்கும் சட்டமே ஒரு குறிப்பு விலையை நிர்ணயித்திருக்கிறது. நீள்மணி நெல்லுக்கு அது 2024 விளைச்சல் வரை 100 பவுண்டுக்கு, அதாவது சுமார் 45 கிலோவுக்கு, 14 டாலராக இருந்தது. ஒரு விளைச்சலின் விற்பனை ஆண்டில், அதாவது அறுவடைக் காலம் தொடங்கிப் பன்னிரண்டு மாதங்களில், நாடு முழுவதற்குமான சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினால், வித்தியாசத்தை அரசு கொடுக்கிறது. நம் நாட்டின் குறைந்தபட்ச ஆதரவு விலையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இத்திட்டத்தில் அரசு ஒரு மணி நெல்லைக்கூட வாங்குவதில்லை. உழவர் தம் விளைச்சலை எந்த விலைக்கு விற்றார் என்றும் கேட்பதில்லை.

எத்தனை ஏக்கருக்கு இந்த வித்தியாசம் கிடைக்கும் என்பதுதான் உண்மையில் முக்கியமான இடம். அந்த ஆண்டு நெல் பயிரிட்ட ஏக்கருக்கு என்று நாம் இயல்பாக நினைப்போம். அப்படியில்லை. ஒவ்வொரு பண்ணைக்கும் வேளாண் துறைக் கோப்பில் ‘அடிப்படை ஏக்கர்’ என்று ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறது. இத்தனை ஏக்கர் நெல், இத்தனை ஏக்கர் சோயா, இத்தனை ஏக்கர் விதைப்பருத்தி என்று. அந்த எண்ணுக்கு ஆதாரம் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பயிர்ப் பதிவுகள். 2002ஆம் ஆண்டுச் சட்டம் 1998 முதல் 2001 வரையிலான சாகுபடியை வைத்து அதைப் புதுப்பித்துக்கொள்ள நிலவுடைமையாளர்களை அனுமதித்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் மொத்த எண்ணைக் கூட்டாமல், 2009 முதல் 2012 வரையிலான சாகுபடிக்கு ஏற்பப் பயிர்களுக்கிடையே மாற்றிப் பகிர்ந்துகொள்ள இடம் கொடுத்தது. ஆகவே இன்று ஒரு நிலத்தில் சோயா நின்றாலும், கோப்பில் நெல் என்று இருந்தால், நெல்லின் விலை சரியும் ஆண்டில் நெல்லுக்கான பணம் வரும். கோப்பில் எண்ணே இல்லாத நிலத்தில் ஒருவர் இவ்வாண்டு நெல் விளைவித்து நட்டப்பட்டாலும் இத்திட்டத்தில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது.

அந்த 14 டாலரை வைத்தே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஒரு பண்ணைக்கு 1,000 ஏக்கர் நெல் அடிப்படை இருக்கிறது. கோப்பில் உள்ள விளைச்சல் ஏக்கருக்கு 6,000 பவுண்டு. சராசரிச் சந்தை விலை 100 பவுண்டுக்கு 12 டாலராக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2 டாலர். ஏக்கருக்கு 120 டாலர். சட்டப்படி அடிப்படை ஏக்கரில் 85 விழுக்காட்டுக்குத்தான் பணம் என்பதால் 850 ஏக்கருக்கு 1,02,000 டாலர். அதிலிருந்து மத்திய அரசின் பொதுச் செலவுக் குறைப்பாக 5.7 விழுக்காடு பிடிக்கப்படும். இதே முறையில் 20 ஏக்கர் அடிப்படை வைத்திருப்பவருக்கு வருவது இரண்டாயிரம் டாலர் அளவிலான தொகை. பட்டியலில் தெரியும் ஏற்றத்தாழ்வுக்கு யாருடைய சூழ்ச்சியும் தேவையில்லை. ஏக்கருக்கு இவ்வளவு என்ற விதியே அதை உண்டாக்கிவிடுகிறது. 1995 முதலான கொடுப்பனவுப் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டுவரும் சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற அமைப்பின் கணக்குப்படி, நாடு முழுவதிலும் பயிர் மானியத்தில் முக்கால் பங்குக்கும் அதிகமானது பெறுபவர்களில் மேல்தட்டுப் பத்து விழுக்காட்டினருக்கே சென்றிருக்கிறது.

பணம் வரும் காலமும் பலருக்கு வியப்பாக இருக்கும். 2023 வசந்தத்தில் விதைத்து இலையுதிர் காலத்தில் அறுத்த நெல்லின் விற்பனை ஆண்டு 2024 ஜூலை இறுதியில்தான் முடிகிறது. சராசரி விலை தெரிந்து, ஈட்டுத்தொகை உண்டென்றால் அது கிடைப்பது 2024 அக்டோபரிலிருந்துதான். எனவே ஓர் ஆண்டின் பட்டியலில் பெரிய தொகையைக் கண்டு அந்த ஆண்டே விவசாயம் மோசமாக இருந்தது என்று முடிவுகட்டக் கூடாது. விலைக்குப் பதிலாகக் கவுண்டியின் சராசரி வருவாயை அடிப்படையாகக் கொண்ட இன்னொரு திட்டமும் உண்டு. மக்காச்சோளமும் சோயாவும் மிகுந்த மத்திய மேற்கு மாநிலங்களில் அதைத் தேர்ந்தவர்கள் பலர். நெல் அடிப்படை உள்ளவர்கள் பெரும்பாலும் விலைத் திட்டத்தையே தேர்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி, பெறுபவர் உழவர்தானா என்பது. இதற்கு நேர்மையான விடை, சிலர் ஆம், சிலர் இல்லை என்பதே. அமெரிக்க வேளாண் துறை 2014இல் நடத்திய நிலவுடைமைக் கணக்கெடுப்பின்படி, அலாஸ்காவையும் ஹவாயையும் தவிர்த்த நாட்டின் பண்ணை நிலத்தில் 39 விழுக்காடு குத்தகைக்கு விடப்பட்டது. அந்தக் குத்தகை நிலத்தில் 80 விழுக்காடு தாங்களே உழாத உடைமையாளர்களுக்குச் சொந்தம். அர்க்கன்சாஸின் ஆற்றுச் சமவெளியில் வாரக் குத்தகை இன்றும் பரவலாக இருக்கிறது. விளைச்சலில் நாலில் ஒரு பங்கு நிலவுடைமையாளருக்கு என்று ஒப்பந்தம் இருந்தால், மானியத்திலும் அதே பங்கு அவருக்கு நேரடியாகப் போகும். அவர் மெம்ஃபிஸ் நகரில் வழக்கறிஞராக இருக்கலாம். நிலத்தை மரபுரிமையாகப் பெற்றுத் தொலைதூரத்தில் ஓய்வுக் காலத்தைக் கழிக்கும் மூதாட்டியாகவும் இருக்கலாம். சட்டப்படி அதில் தவறில்லை, ஏனென்றால் விளைச்சலின் இடர்ப்பாட்டில் அவருக்கும் பங்கு இருக்கிறது.

ரொக்கக் குத்தகையில் நிலைமை வேறு. அங்கே மானியம் முழுவதும் உழுபவருக்கே எழுதப்படுகிறது. உடைமையாளரின் பெயர் பட்டியலில் வராது. ஆனால் அடிப்படை ஏக்கர் நிலத்தோடு ஒட்டியிருப்பதால், அந்த நிலத்துக்குக் குத்தகை கேட்டுப் போட்டியிடுபவர்கள் எதிர்பார்க்கும் மானியத்தையும் சேர்த்தே விலை சொல்கிறார்கள். காலப்போக்கில் மானியத்தின் ஒரு பகுதி குத்தகைத் தொகையாக உடைமையாளரிடம் போய்ச் சேர்கிறது. நிலத்தின் விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. நிலம் சொந்தமில்லாமல் தொழிலில் இறங்க நினைக்கும் இளம் உழவருக்கு இந்த மானியம் உதவியாக இருப்பதைவிடத் தடையாக இருப்பதே அதிகம் என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான். பட்டியலில் அவருடைய பெயரும் இருக்கும். தொகை எங்கே தங்கியது என்பது மட்டும் பட்டியலில் இருக்காது.

மானியத்தைச் சாகுபடியிலிருந்து முற்றிலும் பிரித்த காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. 1996ஆம் ஆண்டுச் சட்டம், பழம், காய்கறி நீங்கலாக எதைப் பயிரிட்டாலும், பயிரிடாவிட்டாலும், பழைய பதிவின்படி ஏக்கருக்கு நிலையான தொகை என்ற முறையைக் கொண்டுவந்தது. 2006இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் நடத்திய ஆய்வில், 2000ஆம் ஆண்டிலிருந்து 130 கோடி டாலராவது விவசாயமே செய்யாதவர்களுக்குச் சென்றிருப்பது தெரியவந்தது. டெக்சாஸில் பழைய நெல் வயல்களைப் பிரித்து வீட்டுமனைகளாக வாங்கியவர்களுக்குக்கூட நெல்லுக்கான பணம் வந்துகொண்டிருந்தது. ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டாலர் செலவான அந்த நேரடிக் கொடுப்பனவை 2014ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. அதற்கு அடியில் இருந்த அடிப்படை ஏக்கரின் மொத்த எண்ணை மட்டும் அது தொடவில்லை.

நிலத்தின் பெயரால் பணம் கொடுக்கும் இந்த வழக்கம் பிலிப்ஸ் கவுண்டியில் எந்த மண்ணில் விழுந்தது என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. 1919 செப்டம்பர் இறுதியில், அக்கவுண்டியின் எலெய்ன் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு தேவாலயத்தில் கறுப்பின வாரக்குடிகள் கூடினார்கள். தாங்கள் விளைவித்த பருத்திக்கு உரிய பங்கையும், ஆண்டு முடிவில் எழுத்துப்பூர்வமான கணக்கையும் கேட்பதற்காக அவர்கள் சங்கம் தொடங்கியிருந்தார்கள். அதற்குப் பதிலாக வந்தது படுகொலை. வெள்ளையர் கும்பல்களும் படையினரும் எத்தனை பேரைக் கொன்றார்கள் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. மதிப்பீடுகள் நூற்றைத் தாண்டுகின்றன. கறுப்பினத்தவர் 12 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1923இல் உச்ச நீதிமன்றம் மூர் எதிர் டெம்ப்சி வழக்கில் அந்த விசாரணையின் நேர்மையையே கேள்விக்குள்ளாக்கிய பிறகு அவர்கள் படிப்படியாக உயிரோடு வெளியே வந்தார்கள். நிலமும் கணக்குப் புத்தகமும் யார் கையில் இருந்தனவோ அவர்கள் கையிலேயே நின்றன.

14 ஆண்டுகள் கழித்து அதே கைகளுக்குத்தான் முதல் மானியக் காசோலை வந்தது. 1933 மே மாதம் கையெழுத்தான வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம், விலையை உயர்த்துவதற்காக உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது. அந்தக் கோடையில் விளைந்து நின்ற பருத்தி சுமார் ஒரு கோடி ஏக்கர் உழுது அழிக்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான ஒப்பந்தத்தில், தரிசாகப் போட்ட நிலத்தின் வழக்கமான பருத்தி விளைச்சலை வைத்துப் பவுண்டுக்கு நாலரை சென்ட் என்று கணக்கிட்டுப் பணம் கொடுக்கப்பட்டது. அதில் 4 சென்ட் நிலவுடைமையாளருக்கு. அரை சென்ட் வாரக்குடிக்கு. குடிகளின் எண்ணிக்கையைக் கூடுமானவரை குறைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு சொன்னது. ஆனால் நிலத்தைத் தரிசாகப் போட்டுப் பணம் வாங்கியவருக்குக் குடி எதற்கு? ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1934 ஜூலையில் இதே அர்க்கன்சாஸின் பாயின்செட் கவுண்டியில், டைரான்சா என்ற ஊரில், 11 வெள்ளையரும் 7 கறுப்பினத்தவரும் சேர்ந்து தென்பகுதிக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கியதற்கு நேரடிக் காரணம் இந்த வெளியேற்றமே. பழைய குடிகளையே வைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவுக்குப் பொருள் சொன்ன வேளாண்மைச் சீரமைப்பு அமைப்பின் சட்டப் பிரிவினர் பலர், அப்பிரிவின் தலைவர் ஜெரோம் ஃப்ராங்க் உட்பட, 1935 பிப்ரவரியில் பதவி நீக்கப்பட்டார்கள். அந்தச் சட்டத்தின் வரி ஏற்பாட்டை 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் வேறு பெயர்களில், வேறு நிதியில், மானியம் அன்றிலிருந்து நிற்கவில்லை. பெற்ற பணத்தில் உடைமையாளர்கள் டிராக்டரும், பின்னர் பருத்தி பறிக்கும் இயந்திரமும் வாங்கினார்கள். மக்கள் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போனார்கள்.

இன்று உச்சவரம்பு என்று ஒன்று இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் பயிர் மானியத்துக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்று வரம்பு வைத்தது; 2025இல் அது உயர்ந்ததைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்த வரம்பு பண்ணைக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. கணவனும் மனைவியும் இரண்டு வரம்பு. பொதுக் கூட்டாண்மையாகப் பதிவு செய்யப்பட்ட பண்ணையில் எத்தனை கூட்டாளிகளோ அத்தனை வரம்பு. ஒவ்வொருவரும் நிலம், மூலதனம், கருவி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றோடு, உழைப்பையோ நிர்வாகத்தையோ தர வேண்டும் என்பது விதி. நிர்வாகம் என்பதை நிறைவேற்ற வயலில் கால் வைக்க வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டுச் சட்டம், உறவினர் என்ற வரையறைக்குள் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரோடு உடன்பிறந்தோரின் பிள்ளைகளையும் ஒன்றுவிட்ட உடன்பிறந்தாரையும் சேர்த்ததால், குடும்பப் பண்ணைகளுக்குக் கூட்டாளிகளைக் கூட்டுவது இன்னும் எளிதானது. பட்டியலின் தலைப்பில் ‘ஃபார்ம்ஸ் பார்ட்னர்ஷிப்’ என்று முடியும் பெயர்களைப் பார்த்தால், அந்தத் தொகையைக் கூட்டாளிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதுதான் சரியான வாசிப்பு. பண்ணையின் வருவாயைப் பொறுத்தவரை வகுக்கத் தேவையில்லை. அது ஒரே பண்ணைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அர்க்கன்சாஸில் இதுவரை அதிக மானியம் பெற்றதாகப் பட்டியல்கள் காட்டும் பெயர் ஸ்டட்கார்ட் நகரில் உள்ள ரைஸ்லேண்ட் ஃபுட்ஸ். தொகை 50 கோடி டாலருக்கும் மேல். அது ஆயிரக்கணக்கான நெல் உழவர்களின் கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர்களின் சார்பில் வாங்கி அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த பணம் அது. ஒரே நிறுவனம் விழுங்கிவிட்டது என்று அதைச் சொல்வது அநியாயம்.

2018க்குப் பிந்தைய பட்டியல்களில் தொகைகள் திடீரென்று வீங்கியிருப்பதற்குக் காரணம் வேறு. சீனாவுடனான வணிகப் போரில் சோயா ஏற்றுமதி சரிந்தபோது, வேளாண் துறை நாடாளுமன்றத்தின் தனி ஒப்புதல் இல்லாமலேயே, 1933இல் உருவான சரக்குக் கடன் கழகத்தின் நிதியிலிருந்து ஈட்டுத்தொகை கொடுத்தது. 2018 விளைச்சலில் சோயாவுக்குப் புஷலுக்கு, அதாவது சுமார் 27 கிலோவுக்கு, 1.65 டாலர், மக்காச்சோளத்துக்கு ஒரே ஒரு சென்ட். 2019இல் பயிரை விட்டுவிட்டுக் கவுண்டிக்குக் கவுண்டி ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை ஒரே விகிதம் அறிவித்தார்கள். பருத்தி மிகுந்த தெற்குக் கவுண்டிகளுக்கு உயர்ந்த விகிதங்கள் கிடைத்தன. இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 2,300 கோடி டாலர் அளவுக்குப் போனது. தொடர்ந்து பெருந்தொற்று உதவியும் சேர்ந்ததால், 2020இல் அரசின் நேரடிப் பண்ணைக் கொடுப்பனவு 4,500 கோடி டாலரைத் தாண்டி அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. இவை அடிப்படை ஏக்கரைப் பாராமல் அந்தந்த ஆண்டின் சாகுபடியையோ உற்பத்தியையோ வைத்துத் தரப்பட்டவை என்பதால், அடிப்படை இல்லாத குத்தகை உழவர்களுக்கும் கிடைத்தன. அந்த அளவில் நியாயமானவை. ஆனால் அதிக ஏக்கருக்கு அதிகப் பணம் என்ற விதி அப்படியே இருந்தது.

பட்டியலில் வேறொரு வகைப் பெயர்களும் வரும்: பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டத்தில் நிலத்தைப் பத்து அல்லது பதினைந்து ஆண்டுகளுக்குப் புல்லோ மரமோ வளர்க்கவிட்டு அரசிடம் ஆண்டு வாடகை வாங்குபவர்கள். 1985இல் தொடங்கிய இத்திட்டம் மண்ணரிப்பைக் குறைத்திருக்கிறது. இதில் எனக்குக் குறை சொல்ல அதிகமில்லை. ஒரு கவுண்டியின் விளைநிலத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பொதுவாக இதில் சேரக் கூடாது என்று சட்டம் வைத்திருப்பது, நிலம் ஓய்வெடுத்தால் விதைக் கடையும் உரக் கடையும் மூடிவிடும் என்ற அச்சத்தால்.

அதைவிடப் பெரிய செய்தி, பட்டியலில் இல்லாத ஒன்று. பயிர்க் காப்பீட்டின் கட்டணத்தில் சராசரியாக ஏறக்குறைய 60 விழுக்காட்டை அரசே செலுத்துகிறது. இதற்கு ஆளுக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பு கிடையாது. வருமான வரம்பும் கிடையாது. யாருக்கு எவ்வளவு என்று பெயரோடு வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. மற்ற கொடுப்பனவுகளின் பெயர்கள் வெளியே வந்ததே 1996இல் வாஷிங்டன் போஸ்ட் வழக்குத் தொடுத்து வென்ற பிறகுதான். பொதுப் பணம் யாருக்குப் போகிறது என்பதைப் பொதுமக்கள் அறிவது அவர்களின் உரிமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த உரிமை காப்பீட்டுக்கு மட்டும் பொருந்தாது என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதையும் நான் கண்டதில்லை.

இனி, இந்தக் கணக்குகளையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஒவ்வொரு பகுதியிலும் வேளாண் துறையின் கீழுள்ள பண்ணைச் சேவை முகமையின் அலுவலகம் இருக்கிறது. உழவர் அங்கே போய்ப் பண்ணையை யார் நடத்துகிறார்கள் என்ற திட்டப் படிவத்தையும், ஆண்டு வருமானம் சராசரியாக 9 லட்சம் டாலரைத் தாண்டவில்லை என்ற சான்றையும், ஈரநிலத்தை வடித்து உழவில்லை என்ற உறுதிமொழியையும் கொடுத்து, வசந்தப் பயிருக்கான ஏக்கர் விவரத்தைப் பெரும்பாலும் ஜூலை 15க்குள் பதிய வேண்டும். அலுவலகத்துக்கு மேலே, உள்ளூர் உழவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் கவுண்டிக் குழு. தொலைவில் இருக்கும் அதிகாரிகளைவிட அக்கம்பக்கத்து உழவர்களுக்கு நிலத்தைத் தெரியும் என்ற எண்ணத்தில் உருவான அமைப்பு அது. ஆனால் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமையே மறுக்கப்பட்டிருந்த தென்பகுதியில் அந்தக் குழுக்களில் யார் அமர்ந்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பருத்தி பயிரிட அனுமதித்த ஏக்கர் ஒதுக்கீட்டைக் குறைப்பது, கடன் விண்ணப்பத்தை விதைப்புக் காலம் கடக்கும்வரை கிடப்பில் போடுவது, திட்டம் இருப்பதையே சொல்லாமல் விடுவது என்று பல வழிகளில் கறுப்பின உழவர்கள் நிலத்தை இழக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். 1920இல் நாடு முழுவதும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினப் பண்ணையாளர்கள் இருந்தார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் அது முப்பதாயிரத்துக்கும் கீழே சுருங்கியது. இந்தப் பாகுபாட்டுக்கு எதிராகத் தொடரப்பட்ட பிக்ஃபோர்ட் வழக்கில் 1999இல் உடன்பாடு ஏற்பட்டது. காலம் கடந்து விண்ணப்பித்தவர்களுக்காக 2010இல் மேலும் 125 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இழந்த நிலம் திரும்பவில்லை. நிலம் திரும்பாதபோது, நிலத்தோடு ஒட்டிய அடிப்படை ஏக்கரும் அதன் மானியமும் அவர்களின் பிள்ளைகளுக்குத் திரும்ப வழியே இல்லை.

மூன்றாவது கேள்வியின் விடை இதற்குள் பெருமளவு வந்துவிட்டது. பிலிப்ஸ் கவுண்டிக்கு வரும் மானியம் அங்கே தங்குவதில்லை. ஒரு பகுதி வெளியூர் உடைமையாளர்களுக்கு. மீதியில் பெரும்பகுதி விதைக்கும், உரத்துக்கும், டீசலுக்கும், லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள அறுவடை இயந்திரத்தின் தவணைக்கும், வங்கிக் கடனுக்கும். முன்பு நூறு குடும்பங்கள் உழைத்த நிலத்தை இன்று நாலைந்து பேர் உழுகிறார்கள். அந்த நாலைந்து பேரும் சொகுசாக வாழ்கிறார்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. நெல்லுக்கு நீர் இறைக்கும் செலவும், விலைச் சரிவும் சேர்ந்த ஆண்டுகளில், மானியம் இல்லாவிட்டால் வங்கி அடுத்த பருவத்துக்குக் கடன் தராது என்பது அங்கே பலருடைய உண்மை நிலைமை. அவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் விதியை எழுதவில்லை. இருக்கும் விதிக்குள் பிழைக்கிறார்கள். என் குறை விதியின் மீதுதான். பண்ணைக்கு ஒரு வரம்பு, நாள்தோறும் அந்த நிலத்தில் வேலை செய்பவருக்கே பணம், முதல் சில நூறு ஏக்கருக்கு உயர்ந்த விகிதமும் அதற்கு மேல் குறைந்துகொண்டே போகும் விகிதமும் என்று மாற்றினால், இதே தொகையில் இன்னும் பல குடும்பங்கள் நிலத்தில் நிற்க முடியும். இது புதிய யோசனையும் அன்று. ஒவ்வொரு பண்ணைச் சட்ட விவாதத்திலும் ஏதாவது ஒரு வடிவில் முன்வைக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் தோற்கடிக்கப்பட்டிருக்கிறது.

இப்போதைய சட்டம் எதிர்த்திசையில்தான் போயிருக்கிறது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெருஞ்சட்டம், நீள்மணி நெல்லின் குறிப்பு விலையை 14 டாலரிலிருந்து 16.90 டாலராகவும், சோயாவினுடையதைப் புஷலுக்கு 8.40இலிருந்து 10 டாலராகவும் உயர்த்தியது. ஆள் ஒருவருக்கான வரம்பை 1,55,000 டாலராக்கி, இனி விலைவாசியோடு சேர்ந்து அது ஏறும்படி செய்தது. கூட்டாண்மைக்கு இருந்த, கூட்டாளிக்கு ஒரு வரம்பு என்ற வசதியை வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனங்கள் பலவற்றுக்கும் நீட்டித்தது. அதோடு, 2019 முதல் 2023 வரையிலான சாகுபடியை வைத்து நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிய அடிப்படையைச் சேர்க்கவும் வழி திறந்திருக்கிறது. கேட்டவர் இன்னும் சில ஆண்டுகளில் அதே கவுண்டியின் பட்டியலை மறுபடி பார்த்தால், அந்தப் புதிய ஏக்கர்கள் எந்தப் பெயர்களுக்கு எதிரே சேர்ந்திருக்கின்றன என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஏனென்றால் அந்த ஐந்து ஆண்டுகளின் சாகுபடிப் பதிவால் புதிய அடிப்படை பெறும் நிலம் எதுவோ, அடுத்த சட்டம் வரும்வரை பணத்தைப் பெறும் உரிமை அந்த நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும்.